நாற்பத்தொன்பதாவது மணி நேரம்

தலையில் அடிபட்டவரை உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தமிழ்நாடு கற்றுக்கொண்டுவிட்டது. பிழைத்து வீடு திரும்பியவர் என்ன ஆகிறார்?

சனிக்கிழமை இரவு பதினொன்றரை. மாவட்ட அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு வாசலில் 108 வந்து நிற்கிறது. பின்கதவு முழுசாகத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "ஹெட் இன்ஜுரி சார், டூ வீலர், ஜி.சி.எஸ். ஏழு, வழியில ரெண்டு வாந்தி." ஸ்ட்ரெச்சரில் கிடப்பவனுக்கு இருபத்தைந்துக்குள் இருக்கும். ஒரு காலில் செருப்பு இல்லை. காதிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்துவரை இறங்கிக் காய்ந்திருக்கிறது. சட்டைப்பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க யாருக்கும் கை ஒழியவில்லை. சிவப்பு மண்டலத்துக்குத் தள்ளிப்போகிறார்கள். மூச்சுக்குழாய், ஊசி, சி.டி. ஸ்கேன். கூட வந்தவர் சொந்தக்காரர்கூட இல்லை, ரோட்டோர டீக்கடைக்காரர். முக்கால் மணி நேரம் கழித்து அம்மா வந்து சேர்கிறார். யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "பேசுறானா?"

ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டால் இது எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். இருபது வருடத்துக்கு முன்பு இதே பையன் ஆட்டோவிலோ மினி லாரியிலோ தலை தொங்க வந்திருப்பான். 2008-ல் தமிழகத்துக்கு 108 வந்தது. பிறகு 'டேய்' எனப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம், வருகிறவரை வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு, பணம் கேட்காத முதல் 48 மணி நேரம். இந்தப் பாதியில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மறுபாதியைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

யார் வருகிறார்கள்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள்.

தலைக்காய வார்டின் படுக்கைகள் இந்த எண்ணிக்கையின் நிழலில்தான் நிரம்புகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த தொற்றுநோயியல் பேராசிரியர் ஜி.குருராஜின் கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: மூளைக்காயங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குச் சாலை விபத்து காரணம், 20 முதல் 25 சதவீதத்துக்குக் கீழே விழுவது, 10 சதவீதத்துக்கு அடிதடி.

படுக்கை வாரியாகப் பார்த்தால் ஒரு குடும்பப் படமே கிடைத்துவிடும். பெரும்பாலும் ஆண்கள், இருபதிலிருந்து நாற்பதுக்குள், வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர்கள். அடுத்து, பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போன பெண்கள். வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது பிடிமானம் இல்லாமல் மல்லாந்து விழுவதால் இவர்களுக்குப் பின்மண்டையில் அடி. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்து விழுந்த குழந்தை. சாரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்த கூலித் தொழிலாளி. பாத்ரூமில் வழுக்கிய பெரியவர். "படிக்கட்டுல தவறி விழுந்துட்டேன்" என்று கணவனைப் பார்த்துக்கொண்டே சொல்லும் பெண்ணும் இங்கே வருவதுண்டு. அனுபவப்பட்ட நர்ஸ் அந்தக் கணவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு இன்னொரு முறை கேட்பார்.

ஐரோப்பாவில் படம் வேறு. 2014 முதல் 2017 வரை 18 நாடுகளில் 4,509 நோயாளிகளைப் பின்தொடர்ந்த 'சென்டர் டி.பி.ஐ.' ஆய்வில் நோயாளிகளின் நடு வயதே 50. அங்கே இது மெல்ல மெல்ல முதியவர்களின் நோயாக மாறிக்கொண்டிருக்கிறது. நாமோ முதியவர்களை விட்டபாடில்லை, இளைஞர்களையும் இழந்துகொண்டிருக்கிறோம்.

சாராய வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. "குடிச்சிருக்கான், தெளிஞ்சா எந்திரிச்சிடுவான்" என்று திண்ணையில் படுக்கவைக்கப்பட்டு, விடியும்போது எழாமலே போனவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. போதையா, மூளைக்குள் ரத்தக்கசிவா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கேன்தான் சொல்லும்.

■ பெட்டி: மூன்றிலிருந்து பதினைந்து வரை

'ஜி.சி.எஸ். எவ்வளவு?' விபத்துப் பிரிவில் நாள் முழுக்க ஒலிக்கும் இந்தக் கேள்வி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலிருந்து வந்தது. அங்கே நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974-ல் உருவாக்கிய, நினைவு நிலையை அளக்கும் 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' அளவுகோல். கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு நினைவு என்றால் 15. எதற்குமே அசையாவிட்டாலும் 3, பூஜ்யம் கிடையாது. 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் தீவிரம். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆம்புலன்ஸில் இருப்பவரும் அறுவைசிகிச்சை நிபுணரும் போனில் ஒரே மொழியில் பேச முடிந்தது இதனால்தான். முதல் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

இரண்டாவது அடி

மூளை இளநீர் வழுக்கை அளவுக்கு மென்மையானது. மண்டை ஓடு தரையில் மோதி நின்றாலும் உள்ளே அது நிற்பதில்லை; முன்னும் பின்னும் இடித்து, சுழன்று, நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இந்த முதல் அடியை எந்த மருத்துவராலும் திருப்ப முடியாது. அவர்கள் போராடுவது இரண்டாவது அடியோடு: வீக்கம், ரத்தக்கட்டு, ஆக்சிஜன் குறைவு, ரத்த அழுத்தம் விழுவது. பெரியவர்களின் மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது.

தெருவில் நாம் செய்யும் தவறுகள் எல்லாம் இந்த இரண்டாவது அடியைப் பலமாக்குகின்றன. மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். அது நுரையீரலுக்குப் போகிறது. உட்காரவைத்து முகத்தில் தட்டுகிறோம். கழுத்தைத் தாங்காமல் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுகிறோம். உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்கிற பயம் இன்னும் போகவில்லை. உதவியவரை வற்புறுத்தவோ வழக்கில் இழுக்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. 2019 திருத்தத்தில் அது மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது.

மூளைக்காயங்களிலேயே ஏமாற்றுக்காரன் ஒருவன் இருக்கிறான். காதுக்கு மேலே எலும்பு உடைந்து, அதன் உள்பக்கம் ஓடும் தமனி கிழியும்போது எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையே ரத்தம் சேர்கிறது. விழுந்தவர் எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார். சில மணி நேரத்தில் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். சரியான நேரத்தில் ரத்தக்கட்டை எடுத்தால் பழையபடி நடமாடக்கூடிய காயம் இது. நேரம் தவறினால் உயிர் போய்விடும். நிற்காத வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரிக் கசிவு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மருந்துகளைப் பற்றி நம்மிடம் ஒரு நம்பிக்கை உண்டு. 'நல்ல ஊசி' போட்டால் வீக்கம் வற்றிவிடும் என்று. மருத்துவ உலகமும் முப்பது வருடத்துக்கு மேல் அதை நம்பியது. தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு போடுவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. 'கிராஷ்' என்ற பெயரில் 49 நாடுகளில் 10,008 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2004-ல் வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு போட்டவர்களில் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று நினைத்துச் செய்தது உயிரை எடுத்திருக்கிறது.

மூளை அழுத்தத்தை அளக்கும் கருவியின் கதையும் சுவாரசியமானது. பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் 324 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், கருவி வைத்துப் பார்க்கப்பட்டவர்களும், ஸ்கேனையும் உடல் பரிசோதனையையும் மட்டும் வைத்துக் கவனிக்கப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தேறினார்கள். விலை உயர்ந்த கருவி இல்லாத மாவட்ட மருத்துவமனைகள் இதைப் படித்து நிம்மதி அடையலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த ஆய்வில் எல்லோருமே ஐ.சி.யூ.வில் ஓயாத கண்காணிப்பில் இருந்தார்கள்.

■ பெட்டி: வயிற்றுக்குள் மண்டை ஓடு

வீக்கம் அடங்காவிட்டால் மண்டை ஓட்டில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்து மூளைக்கு இடம் கொடுக்கிறார்கள். அந்த எலும்பை எங்கே வைப்பது? நம் ஊரில் பல இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே தைத்து வைக்கிறார்கள். மாதங்கள் கழித்து அதை எடுத்துத் திரும்பத் தலையில் பொருத்த வேண்டும். அதுவரை தலையின் ஒரு பக்கம் குழி. எலும்பில்லாத இடத்தில் அடிபடாமல் பார்த்துக்கொள்வது வீட்டார் பொறுப்பு. 2016-ல் வெளியான 'ரெஸ்க்யூ ஐ.சி.பி.' ஆய்வின்படி, மற்ற சிகிச்சைக்கு அடங்காத அழுத்தத்தில் இந்த அறுவைசிகிச்சை ஆறு மாத மரண விகிதத்தை 48.9 சதவீதத்திலிருந்து 26.9 ஆகக் குறைத்தது. நினைவே திரும்பாமல் கிடப்பவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 8.5 ஆக உயர்ந்தார்கள்.

48-ம் அதற்குப் பிறகும்

'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உச்சவரம்பு முதலில் 1 லட்சம் ரூபாய், பிறகு 2 லட்சம். 2025 மே மாதம் மத்திய அரசும் இதே வழியில் ஒரு திட்டத்தை அறிவித்தது: ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை.

48-க்குப் பிறகு? முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் தொடரலாம். இல்லாவிட்டால் நிலைப்படுத்தி அரசு மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். தனியார் மருத்துவமனையிலேயே இருக்க விரும்பினால் சொந்தச் செலவு. காகிதத்தில் சரியான ஏற்பாடு. எலும்பு முறிவுக்கும் குடல் கிழிசலுக்கும் பெரும்பாலும் பொருந்திவிடும். ஆனால் மூளை இந்தக் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. வீக்கமே இரண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். வென்டிலேட்டர் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். பிறகு தொண்டையில் துளை, மூக்கில் குழாய், வார்டு. பிறகு வீடு. வீட்டில் எத்தனை வருடம் என்பதற்கு எந்த அரசாணையிலும் எண் இல்லை.

"கண் முழிப்பாரா?"

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ ஐ.சி.யூ. வாசலில் ஒரு சின்னக் கூட்டம் நடக்கும். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு வாத்தியார். டாக்டர் சொன்னது அவர்கள் நடுவே நாலு விதமாகச் சுற்றும். "வாய்ப்பு கம்மின்னுட்டாங்க." "காசைக் கொட்டி என்ன ஆகப்போவுது?" "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துவோம்." ஓரமாக உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் யாரும் கேட்பதில்லை. கடைசியில் 'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்ற தாளில் கையெழுத்து விழுகிறது. சில நேரம் அந்தக் கையெழுத்துதான் மரணத்தின் உண்மையான காரணம். ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் அது மரணமாகப் பதிவாகாது.

அவசரப்பட்டுக் கைவிடுகிறோமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் 'டிராக் டி.பி.ஐ.' ஆய்வு 2021-ல் தந்த தகவல் முக்கியமானது. காயம்பட்டு இரண்டு வாரம் ஆகியும் நினைவே இல்லாமல் கிடந்த 79 பேரில் 62 பேருக்கு ஒரு வருடத்துக்குள் நினைவு திரும்பியது. தான் யார், எங்கே இருக்கிறோம் என்று முழுசாகத் தெரியும் நிலைக்குத் தேறியவர்கள் தகவல் கிடைத்தவர்களில் நாலில் ஒருவர். அவர்களுக்குக் கிடைத்த பராமரிப்பு நம் வார்டுகளில் எல்லோருக்கும் கிடைக்காது என்பது உண்மை. அதனால் இந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து நம்பிக்கை ஊட்டுவது நியாயமில்லை. அதே நேரம், நாலாவது நாளில் 'அவ்வளவுதான்' என்று முடிவு கட்டுவதிலும் நியாயமில்லை.

உண்மையிலேயே முடிந்துவிட்ட நிலை ஒன்று உண்டு. மூளைத்தண்டு முழுவதும் செயலிழந்து, வென்டிலேட்டரால் மட்டும் நெஞ்சு ஏறி இறங்குவது மூளைச்சாவு. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பது 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின் விதி. கோமாவும் இதுவும் ஒன்றல்ல. கோமாவிலிருந்து மீள்பவர் உண்டு, இதிலிருந்து யாரும் மீண்டதில்லை. 2008-ல் சென்னையை அடுத்த பகுதியில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஒரு சிறுவனின் உறுப்புகளைப் பெற்றோர் கொடுத்தது தமிழ்நாட்டின் மனதையே திருப்பியது. 2023 முதல் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

வீடு என்கிற வார்டு

'சிகிச்சை முடிந்து நலமாக வீடு திரும்பினார்' என்று செய்தி முடிகிற இடத்தில்தான் குடும்பத்தின் வேலை தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கத் தவறினால் இடுப்பில் படுக்கைப் புண். மூக்குக் குழாயில் கஞ்சியும் பாலும் மிக்சியில் அடித்த முட்டையும். தொண்டைத் துளையில் சளி அடைத்தால் உறிஞ்சும் மெஷின். கரண்ட் போனால் பதற்றம். நர்சிங் படித்தவர்கள் வருடக்கணக்கில் கற்றதை ஒரு மனைவி டிஸ்சார்ஜ் ஆகும் பகலில் அரை மணி நேரம் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

ஆனால் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வதைவிட, எழுந்து நடமாடுகிறவரோடு வாழ்வதே கடினம் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. ஆள் நன்றாகத்தான் இருப்பார். தழும்பு முடிக்குள் மறைந்திருக்கும். ஆனால் குளிக்கச் சொன்னால்தான் குளிப்பார். பழைய பாட்டு நினைவிருக்கும், காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் பிள்ளையின் மேல் தட்டை எறிவார். வாயில் கெட்ட வார்த்தை வரும். சம்பளப் பணத்தை யாரோ கேட்டார்கள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டு வருவார். நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளை, அடக்கத்துக்கும் திட்டமிடலுக்கும் முன்முயற்சிக்கும் பொறுப்பானது. கீழே விழும்போது அதிகம் அடிபடுவதும் அதுதான். ஊர் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் இரண்டு: திமிர், பைத்தியம். பூசாரியிடம் கூட்டிப்போகிறார்கள். அடிபட்ட மூளையின் அறிகுறி இது, மருந்தும் பயிற்சியும் உண்டு என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ கல்யாணங்கள் உடையாமல் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

வலிப்பு மாதங்கள் கழித்தும் வரலாம். மாத்திரையை 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்துகிறவர்களுக்கு அடுப்படியிலோ கிணற்றடியிலோ வண்டியிலோ வருகிறது. வாசனை தெரியாமல் போவது இன்னொன்று. கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஹோட்டல் மாஸ்டருக்கு அது பிழைப்பு. காஸ் கசிவது தெரியாத வீட்டுப் பெண்ணுக்கு அது ஆபத்து.

'லேசான காயம்' என்ற சொல்லும் ஏமாற்றும். ஜி.சி.எஸ். 15, ஸ்கேன் சுத்தம், மறுநாள் டிஸ்சார்ஜ். ஆனால் அதே அமெரிக்க 'டிராக் டி.பி.ஐ.' ஆய்வில் லேசான மூளைக்காயம் பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு வருடம் கழித்தும் அன்றாட வாழ்க்கையில் ஏதோ ஒரு குறை இருப்பதாகச் சொன்னார்கள். தலைவலி, தூக்கமின்மை, கவனச் சிதறல், எரிச்சல். தையல் மெஷினில் ஊசி முனையைப் பார்க்க முடியாத தொழிலாளியும், பிளஸ் டூவில் திடீரென மார்க் குறைந்த மாணவியும் தங்கள் சிரமத்துக்கும் அந்த விபத்துக்கும் முடிச்சுப் போடுவதே இல்லை.

■ பெட்டி: தாத்தா ஏன் தூங்கிக்கொண்டே இருக்கிறார்?

மூன்று வாரத்துக்கு முன்பு நிலைப்படியில் லேசாக இடித்துக்கொண்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, பேரன் பெயர் மாறுகிறது. 'வயசாயிடுச்சு' என்றோ 'பக்கவாதம்' என்றோ முடிவு கட்டுவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்குவதால், அதற்கும் உறைக்கும் இடையே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. சின்ன இடியிலும் அறுந்து, வாரக்கணக்கில் ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேரும். இதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். மண்டையில் சின்னத் துளை போட்டு அந்தப் பழைய ரத்தத்தை வடித்துவிட்டால், பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். மூளைக்காயங்களில் இவ்வளவு நல்ல முடிவு தருபவை குறைவு.

சான்றிதழில் பெயர் இல்லாத ஊனம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது. அமில வீச்சு, பார்கின்சன், தலசீமியா எல்லாம் உண்டு. மூளைக்காயம் என்ற பெயர் இல்லை. கை கால் விளங்காமல் போனால் அந்தக் கணக்கில் சதவீதம் வாங்கலாம். பேச்சு போனால் அதன் கணக்கில். நினைவாற்றலும் நிதானமும் மட்டும் போனவர் எந்த வரிசையில் நிற்பது? சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நடந்து வந்து உட்கார்ந்து 'வணக்கம் சார்' என்று சொல்கிற ஒருவருக்கு 40 சதவீதம் போட மருத்துவக் குழுவின் பேனா தயங்குகிறது.

இழப்பீட்டு நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னே போயிருக்கின்றன. ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளாமல், அந்த ஆளால் அந்தத் தொழிலை இனிச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாக்கியது. 2007-ல் டிராக்டர் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில், வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டு, 62.27 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தது 2020 பிப்ரவரியில். அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். அதுவரை அந்தக் கூலியை யார் கொடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அம்மாக்களுக்குச் சம்பளம் கிடையாது.

வழக்குப் போடும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விபத்துப் பதிவேட்டின் நகல், எஃப்.ஐ.ஆர்., முதல் ஸ்கேன், டிஸ்சார்ஜ் தாள், மருந்து பில், ஆறு மாதம் கழித்து எடுத்த நரம்பியல் உளவியல் பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலான பைகளில் இருக்காது. மாறிப்போன குணத்துக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது அந்தத் தாள்தான்.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லாமலா?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பாய்வு முடிவு சொன்னது. 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் என்று அரசு பதிவுசெய்தது 50,029 பேர். அதில் 14,337 பேர் ஓட்டியவர்கள் இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் உத்தரவிட்டு 2015 ஜூலை 1 முதல் இங்கே ஹெல்மெட் கட்டாயமானபோது கடைகளில் தள்ளுமுள்ளு நடந்தது. இன்று போலீஸ் நிற்கும் முனை வரை டேங்க் மேல் இருக்கிறது, அங்கே தலைக்கு ஏறுகிறது. கொக்கி மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்பே அதுதான் தனியாக ஓடும்.

யார் கணக்கெடுப்பது?

தென்னிந்தியா இந்த மருத்துவத்தில் பின்தங்கிய பூமி இல்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறையை 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி. மறுவாழ்வுக்கும் வேலூரே முன்னோடி. 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அறுபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைசிகிச்சை செய்து, பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். சென்னை கே.கே.நகரில் அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது.

இவை எல்லாம் இருந்தும், தலைக்காய நோயாளி இவற்றை நோக்கித் தானாக நகர்வதில்லை. ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்குப் போக ஸ்ட்ரெச்சர் உண்டு; வார்டிலிருந்து மறுவாழ்வுக்குப் போக யாரும் தள்ளிக்கொண்டு வருவதில்லை. பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், நரம்பியல் உளவியலாளர் - இந்த மூன்று பேரும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்கள் பெருநகரங்களைத் தாண்டினால் அரிது. மூளை தன்னை மறுபடி இணைத்துக்கொள்ளும் வேகம் முதல் ஆறு மாதங்களில்தான் அதிகம். அந்த ஆறு மாதமும் குடும்பம் கடன் அடைப்பதில் போய்விடுகிறது.

கிளாஸ்கோவின் அதே ஜென்னட்டும் அவருடைய சக ஆய்வாளர் பாண்டும் 1975-லேயே இன்னொரு அளவுகோலைக் கொடுத்திருந்தார்கள். மரணம், நினைவற்ற நிலை, கடும் ஊனம், மிதமான ஊனம், நல்ல மீட்சி என்று ஐந்து படி. ஆறு மாதம் கழித்து நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதே தலைக்காயச் சிகிச்சையின் உண்மையான மதிப்பெண். நம் அரசு அறிக்கைகளில் விபத்து எத்தனை, மரணம் எத்தனை, பெருங்காயம் எத்தனை, சிறுகாயம் எத்தனை என்பதற்குக் கட்டங்கள் உண்டு. இந்த ஐந்து படிக்குக் கட்டம் இல்லை. 48 மணி நேரத் திட்டத்தின் வெற்றியைச் சொல்லும்போதும் சிகிச்சை பெற்றவர்கள் எண்ணிக்கையும் செலவான தொகையும்தான் வருகின்றன.

முடியாத வேலை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ஸ்டீராய்டைத் தோலுரித்த அந்தக் 'கிராஷ்' சோதனையில் இந்திய மருத்துவமனைகளும் இருந்தன. தபாலிலும் போனிலும் சில கேள்விகளைக் கேட்டே 96.7 சதவீத நோயாளிகளின் ஆறாவது மாத நிலையை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தனியே வேலைக்குப் போகிறாரா, கடைக்குப் போகிறாரா, ஒரு பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்க முடிகிறதா என்பது மாதிரியான கேள்விகள்தான் அவை. விபத்துப் பிரிவின் பதிவேட்டில் அம்மாவின் செல்போன் எண் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குக் கணக்கு வைக்கும் கம்ப்யூட்டரிலேயே 180-வது நாளுக்கு ஒரு நினைவூட்டல் போடலாம். மாவட்டத்துக்கு ஒருவர், நாளுக்குப் பத்து அழைப்பு. யாருக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும், யார் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார், யாருடைய மண்டை எலும்பு இன்னும் வயிற்றிலேயே இருக்கிறது என்று அந்த அழைப்பிலேயே தெரிந்துவிடும்.